திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று மாநில எல்லையை மாற்றியவர்: யார் இந்த மார்ஷல் நேசமணி?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரிலிருந்து தெற்கே செல்லும் சாலை, பாறசாலையைக் கடந்ததும் களியக்காவிளையில் தமிழகத்துக்குள் நுழைகிறது. இந்த எல்லை உருவானது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கான போராட்டத்துக்குத் தலைமை வகித்தவர், திருவனந்தபுரம் சட்டக் கல்லூரியில் பயின்ற வழக்கறிஞர் ஏ.நேசமணி.

விளவங்கோடு வட்டம் பள்ளியாடியில் 1895 ஜூன் 12ஆம் தேதி பிறந்த அவர், நாகர்கோவிலில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். ஒடுக்கப்பட்ட சமூக வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றத்தில் நாற்காலிக்குப் பதிலாக முக்காலி அளிக்கப்பட்டதை அவர் எதிர்த்தார் என்று கூறப்படுகிறது. பின்னர் நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும் பதவி வகித்தார்.

கோரிக்கை என்ன?

திருவிதாங்கூரில் தமிழர்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டும் என்பதே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கை. 1952 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் நாகர்கோவில் தொகுதியில் வென்ற நேசமணி, இக்கோரிக்கையை மக்களவைக்குக் கொண்டு சென்றார்.

தேவிகுளம் பகுதியில் தடையை மீறியதற்காக 1954இல் அவர் கைது செய்யப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தனர். அப்போது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணு பிள்ளை. அவர் சார்ந்த பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே அவரைப் பதவி விலகுமாறு வலியுறுத்தினார்.

கிடைத்ததும் கிடைக்காததும்

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் இணைந்தது.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்திலேயே நீடித்தன. அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்காக வந்து செல்பவர்கள் என ஆணையம் கருதியது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை பீர்மேடு வட்டத்தில் அமைந்துள்ளதால், அன்றைய முடிவின் தாக்கம் இன்றும் தொடர்கிறது. அணையை இயக்குவது தமிழகம். அது அமைந்திருப்பது கேரளத்தில்.

1962, 1967 தேர்தல்களில் காங்கிரஸ் சார்பில் மீண்டும் மக்களவைக்குத் தேர்வான நேசமணி, 1968 ஜூன் 1ஆம் தேதி காலமானார். அதனால் நாகர்கோவிலில் 1969இல் நடைபெற்ற இடைத்தேர்தலில் வென்றவர் காமராஜர்.