நண்பருக்கு ரிவால்வர் இரவல் கொடுக்கலாமா?

பைக், பவர் பேங்க் எல்லாம் இரவல் கொடுப்போம். ரிவால்வரை? மேல்மலையனூர்க்காரர் ஒருத்தர்கிட்ட லைசென்ஸோட ரிவால்வர் இருக்குன்னு வைங்க. திண்டிவனத்துல இருக்குற நண்பரும் லைசென்ஸ் வெச்சிருக்கார். “ரெண்டு நாளைக்குக் குடுப்பா” என்று கேட்டால் உடனே கொடுத்துவிடலாமா?

கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, இரவல் கொடுப்பதும் வாடகைக்கு விடுவதும்கூட விற்பதைப் போலவே ‘கைமாற்றம்’தான்.

சட்டப்படி வழி இருக்கு. யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ, பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பின் 45 நாள்கள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரின் லைசென்ஸிலும் அந்தத் துப்பாக்கிக்கு அனுமதி இருக்கணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். ஏற்கெனவே ரெண்டு இருந்தால், உங்களுடையது மூணாவது!

ரிப்பேருக்கோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ இன்னொருவர் எடுத்துப்போகலாம். அதற்கும் உரிமையாளர் கூடவே இருக்கணும். இல்லையென்றால் அவர் எழுதிக்கொடுத்த அனுமதி வேண்டும்.

தகவல் சொல்லாமலோ, 45 நாள் முடியும் முன்போ கைமாற்றினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ரெண்டு நாள் இரவலுக்கு அது ரொம்பப் பெரிய விலை. நண்பர் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, “முதல்ல மனு எழுதுவோம்”னு சொல்லிடுங்க.