வௌவால் கத்துவதைக் கேட்கலாம், வாருங்கள்!

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் நின்றிருக்கிறீர்களா? தில்லியானாலும் மும்பையானாலும், தெருவிளக்கைச் சுற்றிச் சின்னச் சின்ன வௌவால்கள் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். சத்தமே கேட்காது. ஆனால் அவை வாய் ஓயாமல் கத்திக்கொண்டுதான் இருக்கின்றன. நமக்குத்தான் காது போதவில்லை.

மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோ ஹெர்ட்ஸ். வயதாக ஆக அதுவும் குறைந்துவிடும். பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் பலவும் 40, 50 கிலோ ஹெர்ட்ஸில் கத்துகின்றன. அந்த ஒலி பூச்சியின் மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டே இரை பிடிக்கின்றன. காதை அடைத்தால் வௌவால் தடுமாறும் என்பது 1790களிலேயே தெரிந்திருந்தது. காரணம் மட்டும் பிடிபடவில்லை. 1938ல்தான் அமெரிக்காவின் ஹார்வர்டில், டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர், பேராசிரியர் பியர்ஸ் செய்துவைத்திருந்த கருவியின் முன் வௌவாலைக் கொண்டுபோய் அந்த மீயொலியைக் கண்டறிந்தார்.

அதே வேலையைச் செய்யும் எளிய டிஜிட்டல் கருவியை இன்று பள்ளிப் பிள்ளைகளே வீட்டில் செய்துவிடலாம்.

தத்துவம்

கல்யாண மண்டப வாசலில் ஒருவர் நிற்கிறார். 16 பேர் உள்ளே போனதும் ஒரு தடவை மணியடிக்கிறார். நம் கருவியில் இருக்கும் எண்ணும் ஐ.சி.யும் அப்படித்தான். 16 அதிர்வுகள் வந்தால் ஒன்றை வெளியே விடும். 45 கிலோ ஹெர்ட்ஸ் கத்தல் ஏறத்தாழ 2,800 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். தாத்தா பாட்டிக்கும் கேட்கும்.

வேண்டிய பொருள்கள்

40 கிலோ ஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் ரிசீவர் 1, எல்.எம். 386 ஐ.சி. 2, சி.டி. 4024 ஐ.சி. 1, கிரிஸ்டல் இயர்ஃபோன் 1, 9 வோல்ட் பேட்டரி, 10 மற்றும் 100 மைக்ரோ ஃபாரட், 0.1 மற்றும் 0.001 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்று. தில்லி லாஜ்பத் ராய் மார்க்கெட், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு போன்ற இடங்களில் கிடைக்கும். பிள்ளைகள் ரோபோ செய்யப் பயன்படுத்தும் தூரம் அளக்கும் சென்சார் பழுதாகிக் கிடந்தால், அதிலுள்ள இரண்டு கண்களில் 'ஆர்' என்று குறித்திருப்பதைக் கழற்றிக்கொள்ளலாம்.

இணைப்பு

1. இரண்டு 386க்கும் 6வது காலில் பேட்டரி பிளஸ். 2, 4வது கால்கள் மைனஸில்.

2. ரிசீவரின் ஒரு முனை மைனஸில், மறுமுனை முதல் 386ன் 3வது காலில். இதன் 1, 8வது கால்களுக்கு நடுவே 10 மைக்ரோ ஃபாரட் (பிளஸ் பக்கம் 1வது காலில்). இது 200 மடங்கு பெருக்கும்.

3. அதன் 5வது காலிலிருந்து 0.001 கெப்பாசிட்டர் வழியாக அடுத்த 386ன் 3வது காலுக்கு. சாலை இரைச்சலின் அடித்தொனியை இந்தச் சின்னக் கெப்பாசிட்டர் தடுத்துவிடும். இரண்டாவது 386 பெருக்குவது 20 மடங்குதான். இதிலும் 200 வைத்தால் கருவி தானே ஊளையிட ஆரம்பித்துவிடும்.

4. அதன் 5வது காலை 4024ன் 1வது காலில் நேராகச் சேருங்கள். 4024ல் 14வது கால் பிளஸ். 2, 7வது கால்கள் மைனஸ். 6வது காலிலிருந்து 0.1 கெப்பாசிட்டர் வழியாக இயர்ஃபோனுக்கு. அதன் மறுமுனை மைனஸில்.

5. பேட்டரியின் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட். இதிலும் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது.

சோதனை சுலபம். ரிசீவர் முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். அதில் மீயொலியும் உண்டு, இயர்ஃபோன் கரகரக்கும்.

என்ன கேட்கும்?

தேடிப் பறக்கும்போது வினாடிக்குப் பத்து போல 'டிக், டிக்' என்று கேட்கும். ஒவ்வொரு கத்தலும் சில மில்லி வினாடியே நீடிப்பதால்தான் ராகமாகக் கேட்பதில்லை. பூச்சியை நெருங்க நெருங்க வேகம் கூடி, கடைசியில் 'ட்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. அங்கே ஒரு பூச்சியைப் பாய்ந்து பிடிக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். பூச்சிகள் பெருகும் மழைக்காலம் கேட்க நல்ல பருவம். தில்லிக் குளிரில் ஏமாற்றமே மிஞ்சும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ரிசீவருக்கு 40 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிதான் நன்றாகக் கேட்கும். சத்தம் பெரிதா சிறிதா என்ற வித்தியாசமும் எண்ணும்போது தொலைந்துவிடும். எந்த இனம் என்று இதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. கருவி மௌனமாக இருந்தால் வௌவாலே இல்லை என்றும் சொல்ல முடியாது. மிகச் சன்னமாகக் கத்துபவையும் உண்டு. இரை எழுப்பும் சலசலப்பைக் கேட்டே அதைப் பிடிப்பவையும் உண்டு. இதை 1987ல் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஜி. மாரிமுத்து. ஆலமரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் இப்படிக் கத்துவதே இல்லை. அதற்குக் கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி.

இந்த வேறுபாடு முக்கியம். 2018ல் கேரளத்தில் நிபா பரவிய பிறகு, வௌவாலைக் கண்டாலே புகை போட்டு விரட்டு, மரத்தை வெட்டு என்ற பேச்சு குடியிருப்புகளில் எழுகிறது. நிபாவோடு தொடர்புடையவை பழந்தின்னிகள். அவை கடித்த பழத்தை ஒதுக்குவதும், எந்த வௌவாலையும் கையால் தொடாமலிருப்பதுமே நமக்குப் பாதுகாப்பு. மரத்தை வெட்டுவதல்ல. தெருவிளக்கடியில் 'ட்ர்ர்ர்' என்பதோ, நம் வீட்டுக்குள் வரவிருக்கும் பூச்சியை வாசலிலேயே பிடித்துத் தின்கிறது. குடியிருப்புக் கூட்டத்தில் வாதாடுவதைவிட, இயர்ஃபோனை ஒவ்வொருவர் காதிலும் ஒரு நிமிடம் வைத்துக் காட்டினால் போதும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இதையும் பெட்டியில் வையுங்கள். வௌவாலுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம் பக்கம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு அந்தி சாயும்போது கோவில் குளக்கரையில் தாத்தாவை உட்காரவைத்து, பேரப்பிள்ளை தன் கையால் செய்த கருவியை அவர் காதில் வைக்கட்டும்.