ஆறாத கணுக்கால் வலி

பொங்கலையொட்டிச் சிற்றூர்கள் பலவற்றில் சடுகுடுப் பந்தயம் நடைபெறுவது வழக்கம். நம் அங்கத்தினர் வீட்டு இளைஞர்களும் அதில் கலந்துகொள்கின்றனர். விளையாட்டு உடலுக்கு உரமூட்டுவது. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், களத்தில் ஒருமுறை மடங்கிய கால் மாதக்கணக்கில் நோவதுண்டு. நெசவாளர்க்குக் கூலி நெய்த அளவிற்கே கிடைக்கிறது. குழித்தறியின் மிதிபலகையை மிதிக்கவியலாத நாள் கூலியற்ற நாள். வரப்பில் நடக்கவியலாத உழவர் நிலையும் அதுவே. ஆதலின், இவ்வலியின் காரணத்தையும் தீரும் வழியையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

பாதம் உட்புறமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்து நிற்கும் மூன்று நார்கள் இழுபடுகின்றன. அவற்றுள் முன்புறத்து நாரே பெரும்பாலும் முதலில் கிழிவது. இதையே சுளுக்கு என்கிறோம். அடிபட்டவுடன் எண்ணெய் தடவி உருவிவிடுதல் நம்மிடையே உள்ள பழக்கம். எலும்பு முறிந்திருந்தால் அவ்வாறு உருவுவது கேட்டினை மிகுவிக்கும்.

முறிவை ஐயுறுவதற்குக் கனடா நாட்டின் ஓட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். இருபுறக் கணு எலும்புகளின் நுனியையோ, அதற்கு மேல் 6 சென்டிமீட்டர் வரை பின்விளிம்பையோ அழுத்தினால் வலிக்கின்றதா? அடிபட்டவுடனும், பின்னர் மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி நடக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்று இருப்பினும் எக்ஸ்-ரே எடுத்தல் வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி எலும்புகளை அழுத்த வலித்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

முறிவு இல்லையெனில், முதல் இரண்டு மூன்று நாள்கள் காலை உயர்த்தி வைத்து, துணிப்பட்டை சுற்றி ஓய்வு கொள்ளலாம். அதன்பின் வாரக்கணக்கில் படுத்திருத்தல் நன்றன்று. வலி பொறுக்குமளவிற்குப் பாதத்தை மேலும் கீழுமாக அசைத்து, சிறிது சிறிதாக நடக்கப் பழகவேண்டும்.

நார் ஆறிய பின்னும் வலி ஏன் நீடிக்கிறது? மடங்கிய மூட்டு, தான் எவ்வாறு நிற்கிறது என்றுணரும் ஆற்றலை ஓரளவு இழந்துவிடுகிறது. சுற்றியுள்ள தசைகளும் தளர்கின்றன. ஆகவே கால் மீண்டும் மீண்டும் மடங்குகிறது. இதற்கு மருந்து பயிற்சியே. சுவரருகே நின்று, அடிபட்ட காலொன்றில் அரை நிமிடம் நிற்கப் பழகுக. நாளடைவில் கண்ணை மூடியும் நிற்கலாம். சிலர்க்கு மூட்டினுள் குருத்தெலும்பு சிதைந்திருக்கும். ஆறு வாரத்திற்குப் பின்னும் வீக்கமோ, மூட்டு இறுகிப் பிடித்தலோ இருந்தால் எலும்பு மருத்துவரை நாடவேண்டும்.

குதிகால் வலி வேறு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது அடிப்பாதத்தில் குத்தினால், பாதத்தைத் தாங்கும் பட்டை நொந்துள்ளது எனலாம். கெண்டைத் தசையை நீட்டும் பயிற்சியும், மென்மையான குதியுள்ள செருப்பும் உதவும். குதிகாலுக்கு மேற்புறம் பின்பக்கத்தில் வலித்தால் நொந்தது குதிநாண். பலர் அதனை நரம்பு என்பர். அது நரம்பன்று, கெண்டைத் தசையைக் குதியெலும்போடு இணைக்கும் நாண். சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரெட்சன் 1998இல் இதற்கொரு பயிற்சியை வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் துணையால் எழும்பி, நொந்த காலால் குதியை மெல்லத் தாழ்த்துவதே அது. முழங்காலை நீட்டியும், பின்னர் மடக்கியும், ஒவ்வொன்றையும் 15 முறை வீதம் மூன்று சுற்று, காலை மாலை, 12 வாரம் செய்தல் வேண்டும். நாண் எலும்போடு சேருமிடத்திலேயே வலியிருப்பின் படிக்குக் கீழே தாழ்த்தாமல் சமதரையில் செய்க.

ஆட்டத்தின்போது பின்காலில் யாரோ உதைத்தாற்போல் தோன்றி, பின்னர் நுனிக்காலில் எழும்ப இயலாவிடில் நாண் அறுந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனை செல்லுக. நீரிழிவுடையோர் பாதத்தில் உணர்ச்சி குன்றியிருக்கலாம். அவர்கள் ஒத்தடத்தின் சூட்டால் வெந்துபோக நேரும். ஆதலின் அவர்கள் மருத்துவரைக் கேளாமல் சுடு ஒத்தடம் இடலாகாது.

பயிற்சியின் பலன் ஒருநாளில் தோன்றாது. செய்யும்போது சிறிது நோவிருப்பினும், மறுநாள் காலைக்குள் தணிந்தால் தொடரலாம். தணியாவிடில் அளவைக் குறைக்கவேண்டும். அதுவரை மிதிவேலையைக் குறைத்து, தார் சுற்றுதல் போன்ற உட்கார்ந்து செய்யும் வேலையை வீட்டாரோடு மாற்றிக்கொள்ளலாம். சங்கத்தில் ஒருவர் கால் நொந்திருக்கையில் மற்றவர் கைகொடுத்தால், அவர் முற்றும் ஆறுமுன் தறியேறவும், ஆறுமுன் வரப்பேறவும் நேராது. பன்னிரண்டு வாரம் பொறுப்பது, பல்லாண்டு நொண்டுவதினும் மேலன்றோ!