டாக்டர், கொஞ்சம் நில்லுங்கள்!

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் கோரிமேடு வந்ததும் பஸ்ஸில் பெரும் கூட்டம் இறங்கிவிடும். கையில் ஃபைலும் தோளில் பையுமாக இறங்குகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான்! 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வாரிசு அது. 1964-ல் நேருஜியின் பெயரோடு கோரிமேட்டுக்குக் குடிவந்தது. விழுப்புரத்துக்காரரும் கடலூர்க்காரரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இங்கேதான் ஓடி வருகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இருதய ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர் கைராசிக்காரர்தானா?" இதுதானே உங்கள் முதல் கேள்வி? நியாயமான கேள்விதான். ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகள் பல, கைத்திறன் குறைந்து நேர்வதில்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழாமல் நேர்கின்றன. அமெரிக்க இருதய சங்கம் 2013-ல் வெளியிட்ட அறிக்கையின் சாரமே இதுதான்.

அதெப்படி என்கிறீர்களா? இருதயத்தை நிறுத்தி வைத்து ஆபரேஷன் செய்யும்போது, உடம்பின் ரத்தம் முழுவதும் குழாய் வழியாக ஓர் இயந்திரத்துக்குப் போய், பிராணவாயு ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. 1953-ல் அமெரிக்காவில் டாக்டர் கிப்பன் முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்திய இயந்திரம் அது. ரத்தம் குழாயைத் தொட்டால் உறையத் தொடங்கும். ஆகவே, இயந்திரம் ஓடுமுன் ஹெபாரின் என்ற மருந்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கச் சொல்பவர் சர்ஜன். கொடுப்பவர் மயக்க மருந்து டாக்டர். இயந்திரத்தை ஓட்டுபவர் மூன்றாமவர். எல்லார் வாயிலும் முகமூடி, பக்கத்தில் கருவிகளின் 'பீப் பீப்' சத்தம். "கொடுத்தாயிற்று" என்பது "கொடுக்கட்டுமா" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்? நினைக்கவே பயமாயிருக்கிறது அல்லவா?

அதனால்தான் நல்ல தியேட்டரில் ஒருவர் சொன்னதை மற்றவர் உரக்கத் திருப்பிச் சொல்கிறார். மளிகைக் கடையில் நீங்கள் சாமான் சொல்லச் சொல்ல, கடைக்காரர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வதில்லையா? அதேதான். குழாயில் காற்றுக் குமிழி இருந்தாலும் அப்படியே குரல் கொடுக்க வேண்டும். அது மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம் வரலாம். நகக்கண் அளவே உள்ள வளைந்த ஊசிகளையும் பஞ்சுத் துணிகளையும் நர்ஸ் எண்ணி எண்ணிச் சரிபார்க்கிறார். கணக்கு ஒன்று குறைந்தால் மார்பை மூடக் கூடாது.

இங்கேதான் நம் ஊர்ச் சங்கடம் வருகிறது. "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று பெண்ணைச் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். அந்தப் பெண்தான் பிறகு நர்ஸாகிறாள். நரைத்த தலை சர்ஜனைப் பார்த்து, "டாக்டர், கொஞ்சம் நில்லுங்கள், ஓர் ஊசி குறைகிறது" என்று சொல்ல அவளுக்கு நா எழ வேண்டுமே! கோபிக்காமல் கையை நிறுத்துகிற சர்ஜன்தான் என் கணக்கில் கைராசிக்காரர்.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தது. கத்தி வைக்குமுன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒன்று. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் பலவகை ஆபரேஷன்களில் அதைப் பரீட்சித்தார்கள். 2009-ல் வெளியான முடிவின்படி, ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். ஒரு தாள் காகிதம் செய்த வேலை!

சரி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதில் என்ன பங்கு? நிறைய இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, ரகசியமாகச் சாப்பிடும் நாட்டு மருந்து, ஆடுகிற பல், இவற்றையெல்லாம் கேட்கும்முன்பே சொல்லிவிடுங்கள். "பெயரென்ன, என்ன ஆபரேஷன்?" என்று ஐந்தாவது ஆள் வந்து கேட்டால், "எத்தனை தடவைதான் சொல்வது?" என்று சீறாதீர்கள், அவர்கள் சரிபார்க்கிறார்கள். விரலில் மாட்டும் பிராணவாயுக் கருவி சரியாகக் காட்டுவதற்காக, நகப்பூச்சை முன்பே அழித்துவிடுங்கள்.

தாலி விஷயத்தில் மட்டும் நம் பெண்களுக்கு மனம் கேட்பதில்லை. கத்தி படும் இடத்திலேயே அது கிடக்கிறது. மின்சாரக் கருவியால் உலோகம் பட்ட இடம் சுடவும் கூடும். ஆபரேஷனுக்கு முதல் நாளே மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருந்து கழற்றி வாங்கி, சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டால், மறுநாள் காலை தியேட்டர் வாசலில் அழுகையும் அவசரமும் இராது.