செஞ்சிக்கோட்டை கூறும் செய்தி

கந்தகபூமியாம் விருதுநகர், சிவகாசிப் பகுதியிலிருந்து கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள், விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியையும் காணுதல் வேண்டும் என்பது நம் விருப்பம்.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்தது செஞ்சிக்கோட்டை. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராசகிரியின் உச்சியை நெருங்குகையில் ஆழ்ந்த பாறைப்பிளவொன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட பாலத்தை அகற்றிவிட்டால் பகைவர் மேலேற இயலாது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையை, 1690இல் முற்றுகையிடத் தொடங்கிய முகலாயர் படை 1698இல்தான் வென்றது. மதிலின் வலிமை மட்டுமா காரணம்? உள்ளே நெற்களஞ்சியங்களும் குளங்களும் இருந்தன. கல்யாண மகாலின் மேல்தளங்களுக்கும் சுடுமண் குழாய்வழி நீர் சென்றது. உணவும் நீருமே உண்மை அரண் என்பதை நாம் இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் இக்கோட்டைக்குள்ளேயே உள்ளன. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து இளம் அரசன் தேசிங்கு போரிட்டு மாண்டான். அவனுக்காகத் தன் திருமணத்தையும் விட்டு வந்து களத்தில் உயிரீந்த தோழன் மகமத்கான் என்று நாட்டுப்புறக் கதைப்பாடல் போற்றுகிறது. அப்போரைச் சமயப்போராகக் காட்ட முனைவோர்க்கு மக்கள் மறவாத இத்தோழமையே விடையாகும்.

2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னப் பட்டியலில் செஞ்சியும் இடம்பெற்றது. ஆகவே மாணவர்களே, வெயில் ஏறுமுன் மலையேறுங்கள். குடிநீர் கொண்டு செல்லுங்கள். வரலாறு எழுதப்பட்ட அச்சுவர்களில் உங்கள் பெயரைக் கீறாதீர்கள்.