இஞ்சித் தேத்தண்ணியும் கிளினிக் மருந்தும்

ஒக்டோபர் பிறந்து பதுளை, பசறை, ஹாலிஎலப் பக்கம் மழைக்குளிர் இறங்கிவிட்டால், லயத்து அடுப்பில் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டியோ கொத்தமல்லித் தண்ணியோ கொதிக்கத் தொடங்கிவிடும். கறிக்கும் தேத்தண்ணிக்கும் போடுகிற அந்தச் சிறுதுண்டு பெரும்பாலானோருக்குத் தீங்கு செய்யாது.

ஆனால் இருதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். இஞ்சியைத் தூளாகவோ குளிசையாகவோ தினமும் கூடுதலாக எடுத்தால் இரத்தக்கசிவு அதிகரிக்கக்கூடும். பல் விளக்கும்போது முரசில் இரத்தம் கசிகிறதா, அடிபடாமலே தோலில் நீலம் பாய்கிறதா? அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தாலும் இஞ்சி மருந்து எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பித்தக்கல் உள்ளவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு வெறும்வயிற்றில் கடும் இஞ்சிச்சாறு ஆகவே ஆகாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இஞ்சியைவிட அதோடு சேரும் சீனிதான் பெரிய வில்லங்கம். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடித்தாலும் அது சீனிதான்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு மசக்கையின்போது கொஞ்சம் இஞ்சி ஆறுதல் தரும். தூள், குளிசை என்றால் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள்.

வீட்டில் எடுக்கும் கைமருந்தையும் கிளினிக்கில் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இஞ்சியை நம்பி, கொடுத்த மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.