சம உரிமை வேண்டாம் என்ற இல்லத்தரசிகள்

1970-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டில் சுட்ட ரொட்டியும் வீட்டிலேயே கிளறிய ஜாமும் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவர்கள் இல்லத்தரசிகள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: ஆண்களுக்கும் பெண்களுக்கும் சட்டத்தின் முன் சம உரிமை என்று அறிவிக்கும் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஓட்டுப் போடாதீர்கள்.

பெண்களே இப்படிக் கேட்பார்களா? அறியாமை, ஆண்கள் தூண்டிவிட்ட வேலை என்றே பெண்ணிய இயக்கத்தில் பலர் எண்ணினார்கள். அந்தக் கணிப்புக்கு இயக்கம் கொடுத்த விலை பெரிது.

பாலின அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்று இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு 1950 முதலே சொல்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்திலோ, 1920-இல் வந்த ஓட்டுரிமையைத் தவிர அப்படிப்பட்ட வாசகம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க ஆலிஸ் பால் எழுதிய திருத்தம் 1923-இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. அது நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் தாண்டவே 1972 மார்ச் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று செனட்டில் ஆதரவு 84, எதிர்ப்பு 8. ஐம்பது மாநிலங்களில் 38 ஒப்புக்கொண்டால் போதும். ஹவாய் அன்றைக்கே ஒப்புதல் தந்தது. ஓராண்டுக்குள் எண்ணிக்கை 30-ஐத் தொட்டது. இரு பெரிய கட்சிகளும் ஆதரித்தன. வெற்றி உறுதி என்றே எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வேகத்தை நிறுத்தியவர் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி. 1924-இல் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். பொருளாதார மந்தத்தில் தந்தை வேலையிழக்க, தாயின் சம்பளத்தில் வளர்ந்த குடும்பம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இரவில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் துப்பாக்கித் தோட்டாக்களைச் சுட்டுச் சோதிக்கும் வேலை, பகலில் கல்லூரி என்று படித்துப் பட்டம் வாங்கினார். வழக்கறிஞரை மணந்து ஆறு பிள்ளைகளைப் பெற்றார். இரண்டு முறை நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1972-இல் ‘ஸ்டாப் இ.ஆர்.ஏ.’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இ.ஆர்.ஏ. என்பது சம உரிமைத் திருத்தத்தின் ஆங்கிலச் சுருக்கம்; எங்கள் சலுகைகளைப் பறிக்காதீர்கள் என்பது ‘ஸ்டாப்’ என்பதன் விரிவு.

எந்தச் சலுகைகள்? முதலாவது, ராணுவம். வியட்நாம் போருக்காக இளைஞர்களைக் கட்டாயமாகச் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. திருத்தம் வந்தால் நாளை மகளையும் அழைப்பார்கள் என்றார் ஷ்லாஃப்லி. இதைப் பொய்ப் பிரசாரம் என்று தள்ள முடியாது. திருத்தத்தை ஆதரித்த பலரும் அந்த வாய்ப்பை ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவது, பெண் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புச் சட்டங்கள். இந்தக் கவலை பழமைவாதிகளுக்கு மட்டும் உரியதல்ல. எலினார் ரூஸ்வெல்ட்டும் தொழிற்சங்கத் தலைவர்கள் பலரும் நெடுங்காலம் இதே காரணத்துக்காகத் திருத்தத்தை எதிர்த்தவர்கள்.

ஆனால் வீடு வீடாகப் பெண்களைத் திரட்டியது மூன்றாவது காரணம். மனைவிக்குச் சோறும் துணியும் கூரையும் தருவது கணவனின் கடமை என்று பல மாநிலங்களின் சட்டம் சொன்னது. ஆணும் பெண்ணும் சமம் என்றால் அந்தக் கடமை என்ன ஆகும்?

ஐம்பது வயதுப் பெண்ணின் நிலையில் இருந்து இதைப் பார்க்க வேண்டும். இருபதில் கல்யாணம், முப்பது வருடம் சமையலும் பிள்ளை வளர்ப்பும். சம்பளச் சீட்டு இல்லை, தன் பெயரில் சேமிப்பு இல்லை. அந்தச் சமயத்தில்தான் குற்றம் எதையும் நிரூபிக்காமலே விவாகரத்து வாங்கலாம் என்ற சட்டம் 1970-இல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்து, மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. வேலைக்குப் போ, விடுதலை கிடைக்கும் என்று பெண்ணியத் தலைவிகள் சொன்னபோது, தன் வாழ்நாள் உழைப்பே வீண் என்று சொல்வதாக அவள் காதில் விழுந்தது. அவளுடைய பயம் நியாயமானது. அவள் நம்பியிருந்த சட்டம்தான் உறுதியில்லாதது.

1953-இல் நெப்ராஸ்கா மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த மெக்குவயர் வழக்கு இதற்குச் சான்று. கணவர் வசதியான விவசாயி; நிலம் ஏறத்தாழ 400 ஏக்கர், ஒரு லட்சம் டாலருக்கு மேல் அரசுப் பத்திரங்கள். வீட்டுக்குள் குளியலறைகூட இல்லை. மனைவியின் கைச்செலவுக்கு அவர் பணம் தருவதும் இல்லை. 1919-இல் கல்யாணமாகி, பண்ணையில் பாடுபட்டு அறுபது வயதைக் கடந்த அந்தப் பெண் நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றமோ, தம்பதி ஒரே வீட்டில் சேர்ந்து வாழும்வரை குடும்பச் செலவு அவர்கள் விஷயம், நாங்கள் தலையிட மாட்டோம் என்று அதை ரத்து செய்துவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, திருத்தத்துக்குத் தந்த ஒப்புதலை முதன்முதலில் திரும்பப் பெற்ற மாநிலமும் நெப்ராஸ்காதான். ஷ்லாஃப்லி காக்கப் புறப்பட்ட சலுகை, குடும்பம் உடையாமல் இருக்கும் பெண்ணுக்கு ஏட்டளவில்தான் இருந்தது. இதை அவர் தன் தொண்டர்களிடம் எடுத்துச் சொல்லாதது அந்த இயக்கத்தின் பெரிய குறை.

எதிர்த்தரப்பும் அந்தப் பெண்களிடம் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. பெண்ணிய எழுத்தாளர் பெட்டி ஃப்ரீடன் 1973-இல் ஒரு விவாத மேடையில் ஷ்லாஃப்லியைக் கம்பத்தில் கட்டி எரிக்க விரும்புவதாகவே சொல்லிவிட்டார். இல்லத்தரசிகளின் மனச்சோர்வை 1963-இல் புத்தகமாக எழுதி உலகுக்குக் காட்டியவர் அவர். அவரைவிட அவர்களை அறிந்தவர் யார்? அந்த ஒரு வாக்கியம் எத்தனை பெண்களை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கும்!

1977 நவம்பரில் ஹூஸ்டன் நகரில் இரு தரப்பும் ஒரே வார இறுதியில் கூடின. அரசுப் பணத்தில் நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டு மேடையில் ரோசலின் கார்ட்டர், பெட்டி ஃபோர்டு, லேடி பேர்டு ஜான்சன் என்று அதிபர்களின் மனைவியர் மூவர். ஊரின் இன்னொரு பக்கம் குடும்ப ஆதரவுப் பேரணி. அதன் அமைப்பாளர் டெக்சாஸைச் சேர்ந்த லாட்டி பெத் ஹாப்ஸ். தேவாலயங்களிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் சுமார் 15,000 பேர். கருக்கலைப்பு உரிமையையும் ஓரினச்சேர்க்கைப் பெண்களின் உரிமையையும் மாநாடு ஆதரித்தது. அதன்பின் கத்தோலிக்கர், எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர், மார்மன் என்று தனித்தனியாக இருந்த பெண்கள் ஒரே அணியாக இறுகினார்கள்.

ஒப்புதல் 35 மாநிலங்களோடு நின்றது. அவற்றிலும் ஐந்து பின்வாங்கின. மாநிலங்கள் ஒப்புதல் தர விதித்து, பின்னர் நீட்டித்த கெடுவும் 1982 ஜூன் 30-இல் முடிந்தது. நெவாடா, இல்லினாய்ஸ், வர்ஜீனியா ஆகியவை 2017-க்கும் 2020-க்கும் இடையில் ஒப்புதல் தந்தும், அரசியல் சட்டத்தில் திருத்தம் ஏறவில்லை.

அந்த இல்லத்தரசியின் பயத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட பெண்ணியவாதிகளும் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஐம்பது வயதைக் கடந்தபின் விவாகரத்தான டிஷ் சோமர்ஸ், வருமானமின்றி நிற்கும் நடுவயதுப் பெண்களுக்காக லாரி ஷீல்ட்ஸோடு சேர்ந்து போராடினார். 1975-இல் கலிஃபோர்னியா அவர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஓக்லாந்து நகரில் வேலைப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் மையம் திறந்தது. விவாகரத்தான மனைவி முன்னாள் கணவரின் கணக்கில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெற, இருபது ஆண்டு மணவாழ்க்கை வேண்டும் என்று விதி இருந்தது. ஹூஸ்டன் கூட்டங்கள் நடந்த அதே 1977-இல், அந்த இருபதைப் பத்தாகக் குறைத்தது நாடாளுமன்றம்.